காது சோதிக்கும் மென்பொருளும் பொலிஸ் நிலையத்துக் கணினியும்

உங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் போன கிழமை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். எந்த மென்பொருளையும் வெளியே அனுப்புமுன், ஒன்றுமே நிறுவப்படாத வெறும் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் கொம்பனியில் ஒரு விதி இருக்கிறதல்லவா, அதைப் போட்டது யார், இந்தக் காலத்திலும் அது தேவைதானா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் குரலில் அலுப்பு தெரிந்தது. அந்த அலுப்பு எனக்கும் பழக்கமானதுதான். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தத் தொழிலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. நாங்கள் செய்தது மூட்டை கட்டுகிற வேலை. ஒரு மென்பொருள் விண்டோஸிலும் ஓட வேண்டும், லினக்ஸிலும் ஓட வேண்டும் என்றால் அதன் பெரும்பகுதியை ஜாவாவில் ஒரே தடவை எழுதிவிடலாம். ஆனால் கணினிக்குப் பின்னால் செருகியிருக்கும் ஒரு கருவியோடு அது பேச வேண்டுமென்றால் அந்தப் பகுதி மட்டும் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். அவைதான் நேட்டிவ் லைப்ரரிகள். அவற்றைச் சரியாகச் சேர்த்துக் கட்டாவிட்டால் மீதி எல்லாம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத பகுதிக்கு வருகிறேன்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை பூட்டிக் கிடந்தது. எங்கள் அலுவலகம் கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருந்தது. முதலாளி கொம்பனித்தெருவைச் சேர்ந்த முஸ்லிம். அண்ணா என்பதுபோல, எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். வேலை செய்தவர்கள் மூன்று பேர். மென்பொருளை எழுதுவது நான். அதைச் சோதித்துப் பிழை பிடிப்பது சாந்தனி, களனிப் பக்கத்துச் சிங்களப் பெண். எழுதியதை எல்லா லைப்ரரிகளோடும் சேர்த்து இறுவட்டாக்குவது, அதாவது சீடியில் பதிவது, கஜன். கஜன் கிளிநொச்சியில் பிறந்தவன், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவன், என்னைவிட இந்த வேலையை ஒழுங்காகச் செய்பவன்.

அந்தச் சமயம் எங்களுக்குக் கிடைத்த வேலை, காது கேட்கும் அளவைச் சோதிக்கும் ஒரு மென்பொருள். ஒரு கருவி காதுக்குள் ஒலியை அனுப்பும். அதிலிருந்து ஒரு வயர் கணினிக்கு வரும். கேட்டது, கேட்காதது எல்லாம் திரையில் வரைபடமாக விழும். ஷெல் சத்தத்தில் காது போனவர்களைப் பார்க்கவென்று சில டொக்டர்மார் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய கிளினிக் நடத்தினார்கள். கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் விமானத்தில் போக அனுமதி எடுத்திருந்தார். கணினிகளும் கருவியும் அங்கே ஏற்கெனவே இருந்தன. கணினிகள் யார் யாரோ கொடுத்தவை. சிலதில் விண்டோஸ், சிலதில் லினக்ஸ். இணைய இணைப்பு இல்லை. அடுத்த அனுமதி எப்போது கிடைக்குமென்று ஒருவருக்கும் தெரியாது. இறுவட்டு ஒருமுறை போகும். போட்டவுடன் ஓட வேண்டும்.

டொக்டர் பயணப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, காலையில், கஜன் தங்கியிருந்த லொட்ஜ்காரர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். லொட்ஜ் இருந்த ஒழுங்கையைப் பொலிஸார் சுற்றிவளைத்துச் சோதித்ததாகவும், கஜனைப் பையோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். நான் இருந்ததும் வெள்ளவத்தையில்தான். எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்டுக்கொண்டு நடந்தே போனேன். அந்த ஆண்டுகளில் அப்படி ஒரு செய்தி வந்தால் அழுவதில்லை, ஓடுவதில்லை. அடையாள அட்டை கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நடப்போம். எத்தனையோ பேருக்காக நடந்தாயிற்று.

நான் தொலைபேசியில் சொன்னதும் புறப்பட்ட நானா எனக்குச் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தார். பொறுப்பதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டார். ஐம்பதை நெருங்கிய மனிதர், தூக்கம் போதாத கண்கள். மேசையில் கஜனின் பையைக் கொட்டி வைத்திருந்தார்கள். கொம்பனி மடிக்கணினி, டொக்டரிடம் அன்று கொடுக்கவிருந்த இறுவட்டுகள், கருவிக்கென்று கஜன் தானே ஈயம் வைத்து ஒட்டிய ஒரு வயர். அந்த வயரின் ஒரு முனையில் உறை போடாமல் நிறம் நிறமான கம்பிகள் வெளியே தெரிந்தன. வெடிகுண்டுக்கான வயர் என்று சொல்ல அது போதும். கொழும்பில் தங்கும் தமிழர்கள் தங்கள் விலாசத்தைப் பொலிஸில் பதிய வேண்டிய காலம்; கஜனின் பதிவு பழைய லொட்ஜின் விலாசத்தில் இருந்தது இரண்டாவது சிக்கல்.

இது என்ன என்று அவர் சிங்களத்தில் கேட்டார். காது சோதிக்கும் மென்பொருள் என்று நானா சொன்னார். கஜனும் அதையேதான் சொல்லியிருந்தானாம். அப்படியானால் காட்டுங்கள் என்றார். நான் எங்கள் மடிக்கணினியைத் திறக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். உங்களுடைய கணினியில் உங்களுக்கு வேண்டியதைத்தான் காட்டுவீர்கள், என்னுடையதில் போடுங்கள் என்றார்.

அவருடைய கணினி மூலையில் பிளாஸ்டிக் உறை போட்டு இருந்தது. கடிதம் அடிக்கவும் சீட்டு விளையாடவும் மட்டும் பாவித்தது. திரையில் பாதி விளையாடிய சீட்டுக்கட்டு அப்படியே கிடந்தது. ஜாவா கிடையாது, வேறெந்த மென்பொருளும் கிடையாது. ஜாவாவும் எங்கள் மூட்டைக்குள்ளேயே இருந்ததால் நான் பயப்படவில்லை. இறுவட்டைப் போட்டேன். நிறுவியது. ஐகனை அழுத்தினேன். ஒரு பெட்டி வந்தது. கருவியோடு பேசும் லைப்ரரியின் பெயரைச் சொல்லி, அதை ஏற்ற முடியவில்லை என்றது.

அவர் குனிந்து பார்த்தார். அந்தக் கோப்பு இறுவட்டில் இருக்கிறதா என்று கேட்டார். திறந்து காட்டினேன். இருந்தது, அதே பெயரில். இருக்கிற கோப்பை ஏன் இல்லை என்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

என் வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. கருவி செருகாததால்தான் திறக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் செருகினால் திறக்கும் என்று சொல்லலாம். அவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நானா பேசிவிட்டார். சேர், இது வேலை செய்யவில்லை, எங்களுடைய பிழை, என்ன பிழை என்று இப்போது எங்களுக்கே தெரியாது என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். அதோடு, நல்ல காலம், இங்கே தெரிந்தது, இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் போய்த்தான் தெரிந்திருக்கும் என்றும் சொன்னார்.

பிறகு வெளியே வாசலில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தபோது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நானாவிடம் கேட்டேன்.

“அந்த மனுசன் காலையிலேந்து அந்தி வரைக்கும் பொய் கேட்டுக்கிட்டு ஈக்கிறவரு, தங்கச்சி,” என்றார். “நம்மட பொய்ய அவருக்கு விக்கேலாது.”

உங்களிடம் பொருள் வாங்குபவர்களுக்கும் இதே கதைதான். திரையில் பிழை வந்தபிறகு அது பிழையில்லை என்று நிறுவப் போகாதீர்கள்.

அறைக்குள், நானா சொல்லி முடித்ததும், பிழை என்னவென்று கஜனுக்குத் தெரிந்திருக்கலாம், அவனிடம் கேட்க விடுவீர்களா என்று அதிகாரியிடம் கேட்டேன். அவர் ஒரு கொன்ஸ்டபிளை அனுப்பினார். கஜனைக் கூட்டி வந்தார்கள். சேட்டில் பொத்தான் ஒன்று இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தான், பிறகு திரையைத்தான் பார்த்தான். அவனைக் கதிரையில் இருக்க விடவில்லை, நின்றபடியே வாசித்தான்.

“இந்த ஃபைல்ல பிழையில்ல அக்கா,” என்றான். “இது ஓடுறதுக்கு இன்னொரு ஃபைலில தங்கியிருக்கு. அதுதான் இங்க இல்ல. ஆனா மெசேஜ் இதின்ர பேரைத்தான் சொல்லும்.”

இதை நீங்கள் இன்றைக்கும் காண்பீர்கள். பிழைச் செய்தி கண் முன்னே இருக்கும் கோப்பைக் குற்றம் சொல்லும். இல்லாமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. கருவியோடு பேசும் லைப்ரரியை நாங்கள் மூட்டையில் சேர்த்திருந்தோம். அது கட்டப்பட்ட கொம்பைலரோடு வரும் ஒரு துணைக் கோப்பைச் சேர்க்கவில்லை. எங்கள் அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் அந்தத் துணைக் கோப்பு முன்பே இருந்தது. கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்று தன்னோடு கொண்டுவந்து போட்டிருந்தது. அதனால் சாந்தனி எத்தனை தரம் சோதித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அலுவலகத்தில் அது ஓடியது நாங்கள் முழுமையாகக் கட்டியதால் அல்ல. யாரோ போட்டுவைத்ததன்மேல் ஏறி நின்றதால் ஓடியது.

வீதிக்கு எதிர்ப்பக்கம், தொலைபேசி எடுக்கவும் இணையம் பார்க்கவும் ஆட்கள் போகிற ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. உள்ளே கணினிகள் வரிசையாக இருப்பது ஜன்னலால் தெரிந்தது. அவற்றில் எதிலாவது அந்தக் கோப்பு கட்டாயம் இருக்கும். ஓடிப்போய் எடுத்து வந்தால் சில நிமிடங்களில் இந்தக் கணினியில் மென்பொருள் திறந்துவிடும், கஜன் சொன்னது உண்மையென்று காட்டிவிடலாம். அதைத்தான் அவனிடம் சொன்னேன். அவன் மாட்டான் என்று தலையாட்டினான்.

“அது எந்த வேர்ஷன் எண்டு தெரியாது. வைரஸ் இருக்கோ எண்டும் தெரியாது. இந்த சீடிதான் அங்க போகப் போகுது,” என்றான். “ஒஃபீசில கொம்பைலரோட வந்த ஃபோல்டரில நல்லது இருக்கு. சாந்தனியைக் கொண்டு வரச் சொல்லுங்கோ. நான் நிக்கிறன்.”

நிற்கிறேன் என்று அவன் சொன்னது எங்கே நின்றுகொண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். அவசரத்தில் இருந்தது அவன்தான். எனக்குப் பின்னாளில் இந்தத் தொழிலில் எத்தனையோ நெருக்கடிகள் வந்தன; வாடிக்கையாளர்கள் கத்தினார்கள், ஒப்பந்தங்கள் போயின. கண்ட இடத்திலிருந்து கோப்பை எடுத்துப் போட்டுச் சமாளிக்கலாம் என்று கை துடிக்கும்போதெல்லாம், பொத்தான் இல்லாத சேட்டோடு நின்றுகொண்டு வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதனை நினைப்பேன். என் கை நின்றுவிடும்.

சாந்தனி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தாள். அவ்வளவு தூரமும் வழியெல்லாம் சோதனைச் சாவடி. அவளை ஓரிடத்தில் மட்டும் மறித்து, பெயரைக் கேட்டதும் விட்டுவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு முகம் சிவந்திருந்தது. என்னையோ கஜனையோ போலத் தமிழ்ப் பெயரோடு வந்திருந்தால் இன்னும் வந்து சேர்ந்திருக்க முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் கொண்டுவந்த கோப்பை லைப்ரரிக்குப் பக்கத்திலேயே வைத்து மறுபடி ஐகனை அழுத்தினேன். இரண்டு காதுக்கும் இரண்டு கட்டங்களாகத் திரை திறந்தது. கீழே, கருவி இணைக்கப்படவில்லை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து வந்தது. அது வரவேண்டிய எழுத்துத்தான்.

அதிகாரி கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். எது இடது காது என்று கேட்டார். காட்டினேன். குண்டுச் சத்தத்தாலா என்று கேட்டார். பெரும்பாலும் அப்படித்தான், பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றேன். ஆமியில் எங்களுடைய பொடியன்களிலும் இருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அது எனக்குச் சொன்னதா, தனக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. பிறகு இறுவட்டுகளையும் மடிக்கணினியையும் அந்த வயரையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

“சாமான்களை நீங்கள் கொண்டு போகலாம்,” என்றார் சிங்களத்தில். “ஆள் இருக்கட்டும்.”

பதிவு பழைய விலாசத்தில் இருப்பதால் விசாரித்துத்தான் விட முடியும் என்றார். நானா கெஞ்சவில்லை, வாதாடினார். தானே பிணை நிற்பதாகச் சொன்னார். சாந்தனி, தன்னோடு கூட வேலை செய்பவர், இத்தனை காலமாகத் தெரியும் என்று சொன்னாள். அவளோடு அவர் மரியாதையாகப் பேசினார். மரியாதையாகவே முடியாது என்றார்.

அப்போது நான் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. இறுவட்டு அப்படியே போக முடியாது. திருத்தி, மறுநாள் மாலைக்குள் டொக்டரிடம் கொடுக்க வேண்டும். அதற்குக் கொட்டாஞ்சேனை போக வேண்டும். ஆனால் நாங்கள் வாசலில் இல்லாத நேரம் கஜனை வேறிடத்துக்கு மாற்றினால், எங்கே என்று தேடுவதற்கே நாட்கள் போகும். அது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த பயம். ஒரு இறுவட்டுக்காக ஒரு மனிதனை விட்டுவிட்டுப் போவதா என்று நான் நின்றேன். நான் நிற்பதைக் கஜன் கண்டான்.

“நீங்க போங்கோ அக்கா,” என்றான். “லினக்ஸ் ஃபோல்டரையும் பாருங்கோ. அங்கயும் இப்பிடி ஒண்டு இருக்கும்.”

நானா வாசலில் இருந்தார். நானும் சாந்தனியும் போனோம். சரியான முடிவா என்று கேட்டால், இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. நானா அங்கே இருந்தபடியால்தான் போக முடிந்தது என்பது மட்டும் தெரியும்.

அலுவலகத்தில் சாந்தனியின் கணினியை முழுதாக அழித்தோம். இயங்குதளத்தைத் தவிர வேறொன்றும் போடவில்லை. முதலில் விண்டோஸ், பிறகு அதே கணினியில் லினக்ஸ். கஜன் சொன்னது சரி. லினக்ஸ் லைப்ரரியும் எங்கள் கணினிகளில் தற்செயலாக இருந்த வேறொன்றின்மேல் தங்கியிருந்தது. அதையும் மூட்டைக்குள் வைத்து, முதலில் தன் ஃபோல்டருக்குள்ளேயே தேடும்படி செய்தோம். வெறும் கணினியில் இரண்டும் திறந்தன. நீங்கள் கேட்ட விதி அன்றைக்குப் பிறந்ததுதான். மறுநாள் பின்னேரம் பம்பலப்பிட்டியில் டொக்டரின் வீட்டில் இறுவட்டுகளைக் கொடுத்தேன். பழையதை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். உடைத்துவிட்டோம் என்றேன்.

அடுத்த கிழமை, கஜனின் விடுதலைக்காக ஒரு சட்டத்தரணியின் அலுவலக நடையில் காத்துக்கொண்டிருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வந்தது. கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு பெண். இரைச்சலுக்குள், “மிஸ், போட்ட உடன திறந்திட்டுது,” என்றாள். ஏழு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு முதல் படம் எடுத்ததாகவும், வலது காது தப்பியிருப்பதாகவும் சொன்னாள். மிகவும் சந்தோஷம் என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் சந்தோஷப்பட உடம்பில் இடமிருக்கவில்லை. கஜன் அப்போதும் உள்ளேதான் இருந்தான்.

அவனை விட்டபோது ஆள் மெலிந்திருந்தான். சேட்டுக் கையை மணிக்கட்டு வரை பூட்டியிருந்தான். அதற்கு முன் எப்போதும் மடித்துத்தான் விடுவான். உள்ளே என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. லொட்ஜ்காரர் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தார். நானா தன் வீட்டு மேல்மாடியில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், பொலிஸ் வந்து நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்களாம். நானா அதை எங்களிடம் சொல்லவில்லை. வேறொருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

வேலைக்கு வந்த முதல் நாளே கஜன் சாந்தனியைத் தன் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கச் சொன்னான். அதுவரை மூட்டை கட்டுவது முழுவதும் அவன் தலைக்குள்தான் இருந்தது. எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது, எதை முதலில் சேர்ப்பது, எதற்கு என்ன துணை தேவை என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். அதையெல்லாம் கணினியே வரிசையாகச் செய்யும்படி ஒவ்வொன்றாக ஒரு ஸ்கிரிப்டில் எழுதினான். எழுதியதைச் சாந்தனியை ஓட்டச் சொல்வான். அவள் எங்காவது தடக்கினால் அவளுக்கு விளங்கப்படுத்த மாட்டான், ஸ்கிரிப்டைத்தான் திருத்துவான். ஒருநாள் அவள் சலித்துப்போய், நீ பக்கத்தில் இருக்கிறாயே, சொன்னால் என்ன என்று கேட்டாள்.

“நான் இல்லாட்டியும் மூட்டை கட்டுப்படவேணும்,” என்றான்.

இப்போது நீங்கள் இதற்கு நல்ல நல்ல பெயர்கள் வைத்திருக்கிறீர்கள். பொத்தானை அழுத்தினால் எல்லா இயங்குதளத்துக்கும் தானாகவே கட்டி வருகிறது. நல்லது. ஆனால் உங்களில் எவரும் ஒரு காலைப்பொழுதில் பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் காணாமற் போகலாம் என்று நினைத்து அதைச் செய்யவில்லை. அப்படி நினைக்கத் தேவையில்லாமல் நீங்கள் வேலை செய்வது எனக்கு ஆறுதல். இருந்தாலும் ஒரு வேலையை உங்கள் தலைக்குள் மட்டும் வைத்திருக்காதீர்கள். அது உங்களுக்குப் பலமென்று சிலர் சொல்வார்கள். கஜன் உள்ளே இருந்த நாட்களில் வேறொரு வாடிக்கையாளரின் வேலை அப்படியே நின்றது. அவர்கள் கோபப்பட்டுக்கொண்டு போனார்கள், அது பெரிதில்லை. அவன் வெளியே வந்தபோது அந்த நின்றுபோன வேலைக்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சில மாதங்களில் அவனுக்கு வெளிநாட்டு விசா வந்தது. அவனுடைய அக்கா ஒருத்தி அங்கே இருந்து செய்துகொடுத்தது. போகப் போகிறேன் என்று அவன் சொன்னபோது ஒருவரும் நில் என்று சொல்லவில்லை. நில் என்று சொல்ல எங்களிடம் என்ன இருந்தது? கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானா தன் வான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். சோதனைச் சாவடிகளில் எல்லாம் நானாதான் இறங்கிக் கதைத்தாராம்.

அடுத்த நாள் கிளினிக்குக்கு ஒரு சிறிய திருத்தம் அனுப்ப வேண்டியிருந்தது. நான் எழுதி முடித்துக் கொடுத்தேன். சாந்தனி கஜனின் கதிரையில் உட்கார்ந்து ஸ்கிரிப்டை ஓட்டினாள். நானாவும் மேலே ஏறி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். லைப்ரரிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன, விண்டோஸுக்கு, பிறகு லினக்ஸுக்கு. வெறும் கணினியில் போட்டாள். இரண்டிலும் முதல் தடவையே திறந்தது. பிழை ஒன்றும் வரவில்லை. மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் சந்தோஷம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நானா கீழே தேநீர்க் கடையில் பிளேன்ரீ சொல்லப் போனார். சாந்தனி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறுவட்டில் பெயரை எழுதினாள்.